கல்லுக்கடியில் அகத்தி இலை

எங்கள் ஊர் ஓடைக்கு முக்காலோடை என்று பேர், முக்கால் வருசம் ஓடும் கால் வருசம் காயும் என்பதால் வந்த பேர், அந்த ஓடைக்குள் ஊரில் இருக்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் உண்டு, துணி துவைக்கிற கல் என்று நினைத்துவிடாதீர்கள், அது கோபக் கல். ஒருத்தர் மேல் பொறுக்க முடியாத கோபம் வந்தால் எங்கள் ஊரில் வாயை வளர்க்க மாட்டோம், ஒரு இலையைப் பறித்துக்கொண்டு ஓடைக்குப் போய், நம் வீட்டுக் கல்லை ஓரமாக நெம்பி, தண்ணீருக்குள் அதன் அடியில் இலையைச் செருகிவிட்டு வந்துவிடுவோம். வீடு திரும்பும்போதே யார் மேல் கோபமோ அவர் குரல் நம் காதில் விழாது. கோழி கத்துவது விழும், பஸ் ஹாரன் விழும், பக்கத்து வீட்டு டிவி விழும், அந்த ஒரு குரல் மட்டும் இலை மக்குகிற வரைக்கும் விழாது. போனில் பேசினாலும் விழாது. வாக்கப்பட்டு வந்த புதுசில் என் மாமியார் இதைச் சொன்னபோது, நான் பிறந்த ஊர்ப் புளியமரத்தில் ஒரு முனி இருக்கிறது, உங்கள் ஊரில் இது இருக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டுக்கொண்டேன்.

எந்த இலையைப் பறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முருங்கையோ அகத்தியோ போட்டால் ஓடுகிற தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும், புருசன் பெண்சாதிக்கு அது போதும். புங்கை போட்டால் ஒரு மாசம் இழுக்கும், பங்காளிச் சண்டைக்குச் சரியாக இருக்கும். பலா இலை போட்டவரோடு சம்பந்தம் பேசுமுன் யோசிக்க வேண்டும். இலையைக் கையால் கிழிக்கக் கூடாது, கல்லை விட்டுப் பிரிக்கக் கூடாது, தண்ணீரும் தையக்காரப் புழுவும்தான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். தையக்காரப் புழு என்பது ஓடைக்குள் இருக்கிற அரை விரல் நீளப் புழு, சருகுத் துணுக்கையும் மணலையும் ஒட்டித் தனக்குத் தானே சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இலையைச் சுரண்டிக்கொண்டிருக்கும், எங்கள் ஊர் சமாதானம் எல்லாம் அதன் வயிற்றில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டும். காதில் விழாத பேச்சு எங்கேயும் தொலைந்து போகாது. இலை மக்கியதும் அத்தனையும் பேசிய வரிசையில், முதலில் பேசியது முதலாக, காதுக்குள் வந்து விழும். ஒரு தடவை என் வீட்டுக்காரர் மேல் முருங்கை போட்டேன், இலை மக்கிய அன்று மனுசன் வயலுக்குப் போயிருக்கிறார், நான் அடுப்படியில் இருக்கிறேன், "ஏ பஞ்சவர்ணம், என் பனியன் எங்க?" என்று மூன்று நாளைக்கு முந்திய குரல் கேட்கிறது. வெற்று வீட்டைப் பார்த்து, "கொடியில கெடக்கு" என்றேன். இதனால் எங்கள் ஊரில், நம் குரல்தான் கேட்காதே என்று இலை போட்டவரைப் பற்றி அவர் முன்னால் யாரும் புறம் பேச மாட்டார்கள், எப்படியும் ஒருநாள் கேட்கப்போகிறது.

விருமாயி எனக்கு நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது, அடுத்த வீடு. அவள் புருசன் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் இருக்கிறான், மாசம் ஒருமுறை வந்து போவான். ஒரே மகள் பாண்டிமீனா, திருப்பூரில் வாக்கப்பட்டவள், அவளைத் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம் விருமாயி அழைத்து வந்தாள். வந்த நாளிலிருந்து விருமாயி அந்தப் பிள்ளையைப் படுத்தியபாடு கொஞ்சமா? பப்பாளியைப் பார்க்காதே, குனியாதே, மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படுத்தாலும் இடது பக்கம்தான் படு, போன் பார்க்காதே, பின்னல் போடாதே என்று நிழல் மாதிரி பின்னாலேயே திரிந்தாள். மாசி மாசம் ஒருநாள் மத்தியானம் பாண்டிமீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ பெத்தது ஒன்னே ஒன்னு, அதுக்கு இம்புட்டுப் பேச்சாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

பாவி மகள், வாய் தவறி வந்த சொல்தான். ஆனால் விருமாயி பெற்றது ஒன்று இல்லை, மூன்று. முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் பிரசவத்தில் வலி வந்தபோது வீட்டில் யாரும் இல்லாமல், "ஆத்தா, ஆத்தா" என்று கத்திக் கத்தித் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம், அவள் ஆத்தா மலையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் பாண்டிமீனாவுக்கும் தெரியும். விருமாயி கொல்லையில் ஓர் ஈர்க்கு அகத்தி ஒடித்துக்கொண்டு ஓடைக்குப் போனாள்.

வழியில் நான்தான் மறித்தேன். "ஏ விருமாயி, ஓட காயப்போற நேரம்டி, இப்பவா எல போடுவ?"

"அகத்திதான மதினி. ரெண்டு நாளு. தண்ணி இன்னும் கணுக்கால் அளவு ஓடுது. எனக்குந்தான் கொஞ்சம் அமைதி வேணாமா?"

சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன். ஓடை காயும் மாசங்களில் யாரும் இலை போடக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் வருசா வருசம் ஒருத்தர் இரண்டு பேர் இன்னும் தண்ணீர் ஓடுகிறதே என்று போய் மாட்டிக்கொள்வதும் வழக்கம்தான். அன்று சாயங்காலமே ஓடை கயிறு மாதிரி இளைத்தது, மறுநாள் விடிய அங்கங்கே குட்டையாக நின்றது, அடுத்த நாள் குட்டையும் போய் மணல் சுட்டது. தையக்காரப் புழுக்கள் சட்டையோடு செத்துக் கிடந்தன. விருமாயி கல்லை லேசாக நெம்பிப் பார்த்தால் அகத்தி, பறித்த மேனிக்கு, பச்சை மட்டும் வெளுத்து, வடாம் காய்ந்த மாதிரி மொடமொடவென்று இருக்கிறது.

அதற்குப் பிறகு பங்குனியில் வர வேண்டிய கோடை மழை வரவில்லை, சித்திரையிலும் வரவில்லை, வெயில் ஏற ஏற மனுசருக்குக் கோபமும் ஏறி, கூடாது என்று தெரிந்தே வறண்ட ஓடையில் ஆளாளுக்கு இலை செருக ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் ஊரில் பாதிக்கு மீதி கேட்காமல் போனது. டீக்கடையில் ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தனுக்கு மூன்றாமவன் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்க் கூட்டம் போட்டார்கள், யாருக்கும் யார் எதிர்ப்பும் காதில் விழாததால் எல்லாத் தீர்மானமும் ஒரே மூச்சில் நிறைவேறி, சண்டையே இல்லாமல் முடிந்த முதல் கூட்டம் அதுதான். மாயன் தன் அண்ணன் மேல் போட்டிருந்த புங்கை இலையை, கல்லுக்கு வெளியே நுனி நீட்டிக்கொண்டிருந்ததால், ஒரு வெள்ளாடு இழுத்துத் தின்றுவிட்டது, அன்றிலிருந்து அண்ணன் பேசினால் அந்த ஆட்டின் வயிற்றிலிருந்துதான் மாயனுக்குக் கேட்டது. அண்ணனோடு பாகப் பேச்சு பேசப் போகும்போதெல்லாம் மாயன் ஆட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனான், ஆடி மாசம் வெட்டுவதாக நேர்ந்திருந்த ஆடு, அண்ணனுக்காகத் தப்பித்தது. வடக்குத் தெரு தனபாக்கியம் மட்டும் சந்தோசமாக இருந்தாள், மாமியார் மேல் பலா இலை போட்டிருந்தாள், ஓடை இன்னும் காய வேண்டும் என்று அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள், நாங்களும் போய் மாவு வாங்கித் தின்றோம்.

இதற்கெல்லாம் நடுவில் பாண்டிமீனாவின் வயிறு இறங்கிக்கொண்டிருந்தது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான்தான் பேச்சு. மகள் சொல்வதை நான் தாய்க்குச் சொல்வேன், தாய் சொல்வது மகளுக்கு நேராகவே கேட்கும், கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை அழும்.

"அத்த, மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

"ஏ விருமாயி, ஒம் மக மன்னிப்புக் கேக்குறாடி."

"அத அவ கொரல்ல கேக்கணும் மதினி. ஒங்க கொரல்ல எனக்கு எதுக்கு?"

போனில் எழுதியும் அனுப்பினாள் பாண்டிமீனா. விருமாயி எழுத்துக் கூட்டிப் படித்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

"கோவமெல்லாம் என்னைக்கோ போச்சு மதினி. எனக்கு இப்பப் பயமா இருக்கு. வலி எடுத்து அவ அம்மான்னு கூப்புடுவா. நான் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு புளி உரிச்சுக்கிட்டு இருப்பேன். எனக்குக் கேக்காது. எங்காத்தாளுக்காச்சும் தூரம், எனக்கு என்ன சாக்கு?" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து தேம்பினாள்.

அவளும் செய்யாதது இல்லை. தினமும் குடம் குடமாகக் குழாய்த் தண்ணீரைச் சுமந்துபோய் இலையின் மேல் ஊற்றினாள், ஊற்றும்போது இலை நனைந்து டீத்தண்ணி மாதிரி கொஞ்சம் சாயம் விடும், வெயில் ஏறியதும் முன்னைவிட முறுகலாகக் காயும். நனைவதும் காய்வதுமாக அகத்தி தோலாகிப்போனது. கல்லுக்குப் பந்தல் போட்டுப் பார்த்தாள். கருவாட்டை ஊறப்போடுகிற மாதிரி சுற்றிலும் சாக்கு நனைத்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தும் புழு இல்லையே, தின்ன ஆள் இல்லாமல் விருந்து வைத்து என்ன பயன்? கடைசியில் ஓர் ஆட்டு மணியை வாங்கி வந்து மகளின் கட்டில் சட்டத்தில் கட்டினாள். "வலி வந்தா இத ஆட்டு, நான் வந்துருவேன்" என்றாள். மணி கேட்குமே. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தூங்கினாள்.

வழக்கத்தை மீறாமலே அவள் கண்டுபிடித்த அந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மலைமேல் யானைக்கசம் இருக்கிறது, நம் ஓடை புறப்படுகிற இடத்தில் பாறைக்கு நடுவில் ஆழமான மடு, எந்தப் பஞ்சத்திலும் வற்றியதில்லை, இந்த வருசமும் அதற்குள் தண்ணீர் கிடக்கிறது, தையக்காரப் புழு கிடக்கிறது. இலையைக் கல்லை விட்டுப் பிரிக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், கல்லைத் தூக்கக் கூடாது என்று எவன் சொன்னான்?

"ஏப்பா, இத்தனை தலமுறையா இது ஒருத்தருக்கும் தோணலயா?" என்று டீக்கடையில் கேட்டேன். ஆள் மாற்றி ஆள் சொல்லிக் கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். வழக்கம் என்றால் அப்படித்தான், அதற்குள் இருந்துகொண்டே வாசலைத் தேடிக்கொண்டிருப்போம்.

மறுநாள் காலையில் விருமாயி வீட்டுக் கல்லை, அடியில் ஒரு பலகையைக் கொடுத்து, இலை நகராமல் சேலையால் இறுகக் கட்டி, நார்க்கட்டிலில் ஏற்றினோம். ஆறு பேர் தூக்கினார்கள், மாயனும் அவன் அண்ணனும் ஒரே பக்கம் தோள் கொடுக்க, ஆடும் பின்னால் வந்தது. சும்மா போக வேண்டாமே என்று ஒருத்தன் கொட்டு அடித்தான், இரண்டு பெண்கள் குலவை போட்டார்கள், எதிரில் வந்த பக்கத்து ஊர்க்காரன் சாமி போகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். யாரும் அவனைத் திருத்தவில்லை. கசத்தின் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில் கல்லை இறக்கிக் கட்டை அவிழ்த்தோம். சற்று நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் பாறை இடுக்கிலிருந்து சட்டை போட்ட ஒரு புழு, அதன் பின்னால் இன்னொன்று, பந்திக்கு வருகிற மாதிரி வந்து கல்லுக்கடியில் நுழைந்தன. விருமாயி அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஆனாலும் காய்ந்து தோலான இலை, முதலில் ஊற வேண்டும், அப்புறம் பூஞ்சை பிடித்து இளக வேண்டும், அதற்குப் பிறகுதான் புழுவுக்குப் பல் இறங்கும். இரண்டு நாள் அகத்தி ஒரு வாரம் ஆகியும் பாதிதான் கரைந்திருந்தது. இதற்குள் ஊர் முழுக்க ஆசை வந்துவிட்டது. எங்கள் கல்லையும் ஏற்றுங்கள் என்று ஆளாளுக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு வெள்ளிக்கிழமை ஊரே ஆணும் பெண்ணுமாகக் கல் சுமந்து மலை ஏறியது, தனபாக்கியம் மட்டும் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீ பிள்ளைய விட்டு நகராத, நான் போய் ஒன் எலயப் பாத்துட்டு வாரேன்" என்று விருமாயியிடம் சொல்லிவிட்டு நானும் போனேன். பிரசவத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கிறது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

நான் கசத்தில் கல்லை லேசாக நெம்பியபோது அகத்தியில் ஓர் இணுக்குத்தான் மிச்சம் இருந்தது, அதையும் ஒரு புழு கட்டிப்பிடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தது. "தின்னு ராசா, தின்னு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கீழே, பாண்டிமீனா கட்டிலில் இல்லை. தாய் கொல்லையில் புளி உரித்துக்கொண்டிருக்க, கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டலாம் என்று தெருப்பக்கத் தொழுவத்துக்கு நடந்து போயிருக்கிறாள், அங்கே பனிக்குடம் உடைந்துவிட்டது. வைக்கோலில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை, போன் கட்டிலில் கிடக்கிறது, மணியும் கட்டிலில் தொங்குகிறது, தெருவில் ஈ காக்கை இல்லை. அம்மா, அம்மா என்று கத்துகிறாள். கொல்லையில் விருமாயி, மணிச் சத்தம் இல்லை, பிள்ளை அசந்து தூங்குகிறாள் என்று நிம்மதியாகக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பயந்தது பயந்தபடியே நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் காதுக்குள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி, ஒரு குரல் விழுந்தது.

"அம்மா, நான் சொன்னது தப்பும்மா. தெரிஞ்சே ஒன் வயித்துல குத்திட்டேன். மன்னிச்சுரும்மா."

மாசி மாசம் சொன்னது. அவள் அகத்தி ஒடித்துக்கொண்டு போய் வந்த அன்றைக்கே, வாசலில் நின்று, மகள் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது. விருமாயி மடியில் இருந்த புளியைக் கொட்டிவிட்டு, "கேட்டுருச்சுடி, கேட்டுருச்சு" என்று கத்திக்கொண்டு மகளைக் கட்டிக்கொள்ள வீட்டுக்குள் ஓடியிருக்கிறாள். கட்டில் காலியாக இருந்தது. மணி சும்மா தொங்கியது. அங்கிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தொழுவத்துக்கு ஓடிப் பார்த்தால், மகள் வாய் முழுக்கத் திறந்து அலறிக்கொண்டிருக்கிறாள், விருமாயியின் காதில் விழுவதோ, "புளிய எங்கம்மா வச்ச?" என்று அதே மாசி மாசத்துக் குரல்.

நூற்றெட்டுக்குப் போன் போட்டு வண்டியை வரவழைத்து மகளைத் தாங்கி ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும், மகள் கையைப் பிடித்தபடி, பழைய பேச்சையே விருமாயி கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். ரசம் நல்லா இருக்கு. தலைக்குப் பூ வாங்கிட்டு வா. இடுப்பு வலிக்குது, கொஞ்சம் நீவி விடேன், ஓ, ஒனக்குத்தான் கேக்காதுல்ல. ஏம்மா என்னையப் பாக்கக்கூட மாட்டேங்குற? இந்தப் பஞ்சவர்ணம் அத்த ஒன்னச் சொன்னா ஒம்பதாச் சொல்லுது. இதை விருமாயி பிற்பாடு என்னிடமே சொல்லிச் சிரித்தாள், எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு முருங்கையாவது போட்டிருப்பேன், பச்சை உடம்புக்காரி என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன அரை மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. அது அழுதது விருமாயிக்கு உடனே கேட்டது, அதோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லையே.

நாங்கள் மலையிலிருந்து இறங்கி விசயம் தெரிந்து ஓடினால், தாயும் சேயும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸம்மா சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் மழை பிடித்தது. முக்காலோடை, காய்ந்து கிடந்த சருகின் சாறு எல்லாம் இறங்க, கடுங்காப்பி நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது, கசத்திலிருந்து புழுக்கள் அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கின. ஊர்க்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று, அவரவருக்கு வர வேண்டிய பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மாயனின் ஆடும் நின்றது. தனபாக்கியம் மாமியாருக்கு வெந்நீர் போடத் தொடங்கிவிட்டாள்.

அன்று காலையில் விருமாயி காலை நீட்டிப் போட்டு, பேத்தியைக் காலில் கிடத்தி எண்ணெய் தடவிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், நான் வெந்நீர் மொண்டு ஊற்றினேன், எதிரில் சுவரில் சாய்ந்து பாண்டிமீனா பூண்டுக் குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தாள். இரண்டரை மாசப் பேச்சு இல்லையா, விருமாயியின் காது இன்னும் நடப்புப் பேச்சுக்கு வந்து சேரவில்லை, அதுவரை என் வழியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அவசரம் இல்லை.

திடீரென்று விருமாயியின் கை நின்றது. பிள்ளை மேல் ஊற்றப் போன சொம்பை நானும் நிறுத்தினேன்.

"என்னடி?"

தொழுவத்துச் சத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. வைக்கோலில் உட்கார்ந்து, தெருவில் ஒரு ஆள் இல்லாமல், அந்தப் பிள்ளை கூப்பிட்ட கூப்பாடு அத்தனையும் இப்போதுதான் ஒவ்வொன்றாக அவள் காதில் விழுகிறது. எதிரில் பாண்டிமீனா வாயில் சோற்றோடு தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விருமாயி எண்ணெய்க் கையை நீட்டி மகளின் முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா இருக்கேன்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, அடுத்ததுக்கும் சொன்னாள், "இந்தா இருக்கேன். இங்கதான இருக்கேன்."

ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். கடைசிக் கூப்பாடு வரைக்கும் சொன்னாள். பேத்தி காலில் கிடந்து கொட்டாவி விட்டது, வெந்நீர் ஆறிவிடக் கூடாதே என்று நான் அடுப்பில் இன்னும் இரண்டு சுள்ளியைத் தள்ளினேன்.